திறக்காமல் பார்ப்பது

சொத்து வாங்கப் போகிறவர்கள் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள். வீடு கண்ணெதிரே நிற்கிறது. சுவர் இருக்கிறது, கிணறு இருக்கிறது, கொல்லையில் நாலு தென்னை மரமும் இருக்கிறது. ஆனால் அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, நடுவில் யார் அடமானம் வைத்தார் என்பதெல்லாம் சுவரில் எழுதியிராது. அது ரிஜிஸ்தர் ஆபீஸ் கணக்கில் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் இருக்கிற கோப்புகளின் நிலைமையும் இதுதான். ஃபோல்டர் ஒன்றைத் திறந்தால் ஒரு ஜன்னல் வருகிறது. அதில் கோப்பின் பெயர் தெரிகிறது, தேதி தெரிகிறது, எவ்வளவு பெரியது என்பதும் தெரிகிறது. அதை யார் எழுதினார், யார் திருத்தினார், எதற்காகத் திருத்தினார் என்கிற மூன்று சங்கதிகள் மட்டும் தெரிவதில்லை. இந்த மூன்றையும் கோப்பைத் திறக்காமலே, பெயருக்குப் பக்கத்திலேயே காட்டிவிட வேண்டும் என்று புரோகிராம் எழுதுகிறவர்களில் சிலர் வெகு காலமாகப் பாடுபட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் யந்திரம் கொஞ்சம்தான், மனிதர்கள்தான் அதிகம். எழுதியது யார் என்ற கேள்வி, எழுதிப் பிழைக்கிற என் போன்றவர்களுக்குச் சோற்றுப் பிரச்னை. மானப் பிரச்னையும் கூட.

புரோகிராம் என்பது மின்சாரமும் அல்ல, மந்திரமும் அல்ல. எழுத்துத்தான். வரி வரியாக மனிதன் உட்கார்ந்து எழுதியது. நாவலுக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், நாவலை ஒருவன் எழுதுகிறான். பெரிய புரோகிராமை நூறு பேர் எழுதுகிறார்கள். ஒரே அத்தியாயத்தில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் கை வைக்கிறார்கள். காலையில் ஒருவன் அடித்த வரியை மாலையில் இன்னொருவன் மறுபடி எழுதுகிறான். நாவலாசிரியனுக்கு இப்படி ஒரு தண்டனை விதித்தால் அவன் பேனாவை வைத்துவிட்டுக் கடை வைக்கப் போய்விடுவான்.

இந்தக் குழப்பத்துக்கு முதன்முதலாக ஒரு கணக்குப் புத்தகம் போட்டவர் மார்க் ராச்கைண்ட். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சி சாலையில் வேலை பார்த்தவர். 1972-ல் ஓர் ஐ.பி.எம். யந்திரத்துக்காக அவர் எழுதிய அந்த ஏற்பாட்டுக்கு எஸ்.சி.சி.எஸ். என்று பெயர். கோப்பை முழுதாகத் திரும்பத் திரும்பப் பிரதி எடுக்காமல், முந்தியதற்கும் பிந்தியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அது எழுதிக்கொள்ளும். அதோடு இன்னார், இன்ன நேரம் என்பதையும் குறித்துக்கொள்ளும். திருத்தத்தை ஒப்படைக்கும்போது, குறிப்பு எதுவும் உண்டா என்று ஒற்றை வார்த்தையில் ஒரு கேள்வியும் கேட்கும். அந்த ஒற்றை வார்த்தைக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். அதிகாரி கேட்பது போல அல்ல, கூட வேலை செய்கிறவன் கேட்பது போல இருக்கிறது.

ஆனால் கணக்கு பெட்டிக்குள்ளே இருந்தது. வெளியே நிற்கிறவனுக்கு? இங்கேதான் ராச்கைண்டின் ஏற்பாட்டில் ஓர் அழகான தந்திரம் வருகிறது. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருகிற சுழிக் குறி, அதை அடுத்து அடைப்புக் குறிகளுக்குள் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட ஒரு குறி, ஆக நாலே எழுத்து. வேறு எங்கும் தற்செயலாக வந்துவிடாத சேர்க்கை என்று பார்த்துப் பொறுக்கியது. இந்தக் குறிக்குப் பின்னால் கோப்பின் பெயரும் எத்தனையாவது திருத்தம் என்ற எண்ணும் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். புரோகிராம் யந்திர பாஷைக்கு மாறி மனிதன் படிக்க முடியாத உருவம் எடுத்த பிறகும் குறி உள்ளேயே இருக்கும். 'என்ன?' என்று பொருள்படும் ஒரு கட்டளை உண்டு. அது புரியாத அந்தக் குவியலைத் துழாவி, குறி தட்டுப்படுகிற இடத்தில் நின்று, பின்னால் இருப்பதை வாசித்துச் சொல்லும். வண்ணான் துணியில் போடுகிற குறியை நினைத்துக்கொண்டால் போதும். திறக்காமல் பார்ப்பதன் ஆரம்பம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பத்து வருஷம் கழித்து 1982-ல் பர்டியூ சர்வகலாசாலையில் வால்ட்டர் டிச்சி என்பவர் ஆர்.சி.எஸ். என்று ஒன்று செய்தார். கடைசிப் பிரதியை முழுசாக வைத்துக்கொண்டு பழையவற்றுக்கு மட்டும் பின்னோக்கி வித்தியாசம் எழுதியது அவருடைய கெட்டிக்காரத்தனம். எல்லோரும் அடிக்கடி கேட்பது கடைசிப் பிரதியைத்தானே! இரண்டு ஏற்பாட்டிலும் ஒருவர் கோப்பை எடுத்துத் திருத்த உட்கார்ந்தால் அது பூட்டிக்கொள்ளும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

பூட்டை உடைத்தவர் ஆம்ஸ்டர்டாம்காரர், டிக் க்ரூனே. சர்வகலாசாலை ஆசிரியர். 1984 ஜூலையிலிருந்து அடுத்த வருஷம் ஆகஸ்டு வரையில் அவரும் இரண்டு மாணாக்கர்களும் சேர்ந்து ஒரு கம்பைலர் எழுதினார்கள். மூன்று பேருக்கும் பொழுது ஒத்துவரவில்லை. ஒரு மாணாக்கன் ஆபீஸ் குமாஸ்தா மாதிரி ஒன்பது மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிறவன். இன்னொருவன் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. ஆசிரியருக்கோ சாயங்காலம்தான் ஒழிவு. பூட்டு வைத்த கோப்போடு இந்த மூவர் எப்படிக் குடித்தனம் நடத்துவது? யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தன் பிரதியில் எழுதட்டும், ஒப்படைக்கிறபோது இணைத்துக்கொள்ளலாம் என்று க்ரூனே சில கட்டளைத் தொகுப்புகள் எழுதினார். 1986-ல் அதை ஊருக்கெல்லாம் தானமாகக் கொடுத்தார். சி.வி.எஸ். என்று பெயர் பெற்று, பிறகு பல வருஷ காலம் உலகத்தில் பாதிப் புரோகிராம்கள் அதற்குள்தான் குடியிருந்தன என்று சொன்னாலும் தகும். சோம்பேறிப் பையன் ஒருவனால் உலகத்துக்கு வந்த உபகாரம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் வரத் தவறுகிறவன் எல்லாம் சோம்பேறி என்பதற்கு ஆதாரம் இல்லை.

சி.வி.எஸ். இன்னொரு காரியமும் செய்தது. அப்போது யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வேலை நடக்கிற ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் தன் பெயரிலேயே ஒரு குட்டி ஃபோல்டரை வைத்தது. அதில் ஒரு ஜாபிதா: இன்ன கோப்பு, இத்தனையாவது திருத்தம், வாங்கிய நேரம் இது. களஞ்சியம் தூர தேசத்தில் இருந்தாலும் ரசீது கூடவே இருந்தது. ரசீதில் உள்ள நேரத்தையும் கோப்பின் நேரத்தையும் ஒப்பிட்டால், கோப்பில் கை பட்டிருக்கிறதா இல்லையா என்று திறக்காமலே சொல்லிவிடலாம்.

இது ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, ஜன்னல் செய்கிறவர்கள் வேறு உலகத்தில் இருந்தார்கள். ஸெராக்ஸ் கம்பெனி 1981-ல் 'ஸ்டார்' என்ற யந்திரத்தை வெளியிட்டது. திரையிலே மேஜை, மேஜைமேல் காகிதம், காகிதத்துக்கு உறை. 1984-ல் ஆப்பிளின் மக்கின்டாஷ். 1986-ல் ஜான் சோச்சா எழுதிய நார்ட்டன் கமாண்டர். நீலத் திரையில் இரண்டு பட்டியல் பக்கம் பக்கமாக நிற்கும். 1995-ல் விண்டோஸோடு வந்த எக்ஸ்ப்ளோரர். இவற்றைச் செய்தவர்கள் மனத்தில் நினைத்துக்கொண்டது ஓர் ஆபீஸ் மேஜையை. பெயர், அளவு, வகை, தேதி இவை போதும் என்று விட்டுவிட்டார்கள். தேதி என்பது கடைசியாகத் திருத்திய நேரம். சரித்திரம் என்று அந்த ஜன்னல் காட்டியது அது ஒன்றுதான். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ வந்து போனார் என்று சொல்கிற காவல்காரன், யார் வந்தார் என்று கேட்டால் விழிக்கிற மாதிரி.

இரண்டு ஓடையும் 2000-ஆம் வருஷத்தில் சேர்ந்தன. ஃபிரான்சிஸ் இர்விங் என்பவர் ஓர் ஆமையைக் கொண்டுவந்து விண்டோஸ் ஜன்னலுக்குள் விட்டார். பெயர் 'டார்ட்டாய்ஸ் சி.வி.எஸ்.' கம்ப்யூட்டர்காரர்கள் யந்திரத்தை மூடியிருக்கிற மேல் பகுதியை ஓடு என்பார்கள். ஓட்டுக்குள் வாழ்வது ஆமை. அவ்வளவுதான் சிலேடை. ஆனால் காரியம் பெரிது. தனியாக ஒரு புரோகிராமைத் திறந்து அதற்குள் போக வேண்டாம். தினமும் பார்க்கிற அதே ஜன்னலில், கோப்பின் படத்தின்மேல் ஒரு சின்ன அடையாளம் வந்து உட்கார்ந்தது. பச்சை என்றால் களஞ்சியத்தில் உள்ளபடியே இருக்கிறது. சிவப்பு என்றால் கை பட்டிருக்கிறது. 2002-ல் டிம் கெம்ப் இதே யோசனையை சப்வெர்ஷன் என்ற புதுக் களஞ்சியத்துக்காக எடுத்துக்கொண்டார். ஸ்டெஃபான் கூங் அதில் வந்து சேர்ந்து கட்டி வளர்த்தார். அது கோடு கோடாக அடையாளம் காட்டியதோடு நிற்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், பெயர், அளவு என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் 'திருத்த எண்', 'எழுதியவர்' என்ற புதுப் பத்திகளையும் சேர்த்தது. எழுதியவர்! மேஜைமேல் கிடக்கிற ஒவ்வொரு காகிதத்தின் ஓரத்திலும் ஒரு மனிதனுடைய பெயர்.

பார்வை என்பது சும்மா கிடைக்கிறதில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆமை ஜன்னலுக்குள்ளேயே குடியிருந்ததால், அது தடுக்கி விழுந்தால் ஜன்னலும் கூடவே விழுந்தது. விண்டோஸில் அந்த ஜன்னல்தான் அடிப்பட்டை, மேஜை எல்லாமே. ஆக மொத்தத் திரையும் காலியாகிவிடும். பெரிய ஃபோல்டருக்கு அடையாளம் போடுவது இன்னொரு சங்கடம். உள்ளே இருக்கும் ஆயிரம் கோப்பில் ஒன்றில் கை பட்டிருந்தாலும் வெளி ஃபோல்டர் சிவப்பாக வேண்டும். அதற்கு ஆயிரத்தையும் பார்த்தாக வேண்டும். பயனர் ஒரு கணம் கண்ணை ஓட்டுவதற்காக யந்திரம் மூச்சு வாங்க ஓடியது. கடைசியில் பின்கட்டில் ஒரு வேலையாளை உட்கார வைத்து, எப்போதும் எண்ணிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள்.

நான் மிகவும் ரசித்தது அடையாளங்களின் சண்டை. விண்டோஸில் இம்மாதிரி அடையாளங்களுக்கு மொத்தம் 15 இடம்தான். சிலவற்றை விண்டோஸே வைத்துக்கொள்ளும். மிச்சத்துக்கு அகரவரிசைப்படி யார் முந்தினாலும் அவர்களுக்கு. கோப்பை இணையத்தில் பத்திரப்படுத்தித் தருகிற கம்பெனிகளும் தங்கள் அடையாளத்தோடு வந்து சேர்ந்தபோது இடம் போதவில்லை. எழுத்துக்கு முன்னால் வருவது எது? வெற்றிடம். ஆகவே ஒருவர் தம் பெயருக்கு முன்னால் ஒரு வெற்றிடம் விட்டார். மற்றவர் இரண்டு விட்டார். இன்னொருவர் மூன்று. பெரிய பெரிய கம்பெனிகள், பிரமாதமான படிப்புப் படித்த ஆசாமிகள், ரேஷன் கடை வரிசையில் முழங்கையால் இடிப்பதுபோல வெற்றிடத்தால் இடித்துக்கொண்டார்கள். ஆமைக் குடும்பத்தார் மட்டும் தங்களுக்குள் ஒற்றுமையாக, ஒரே தொகுதி அடையாளங்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

'எழுதியவர்' பத்தி நீடிக்கவில்லை. 2007-ல் கடைக்கு வந்த விஸ்டாவில், வெளியார் இஷ்டப்படி எல்லாக் கோப்புகளுக்கும் பத்தி சேர்க்கிற வசதியை மைக்ரோஸாஃப்ட் எடுத்துவிட்டது. பச்சையும் சிவப்பும் நின்றன, பெயர் போயிற்று.

இதற்குள் களஞ்சியமே வேறு விதமாகிவிட்டிருந்தது. லினக்ஸின் கர்த்தாவான லினஸ் டோர்வால்ட்ஸ் 2002 முதல் பிட்கீப்பர் என்ற ஒரு கம்பெனிச் சரக்கை உபயோகித்து வந்தார். இலவசமாக உபயோகிக்கிற அநுமதி 2005-ல் போயிற்று. அவர் ஏப்ரல் 3-ஆம் தேதி தாமே ஒன்று எழுத ஆரம்பித்தார். 7-ஆம் தேதி அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. அதுதான் கிட். இன்று புரோகிராம் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் உபயோகிக்கிறார்கள். அதன் தத்துவம் விநோதமானது. தனிக் கோப்புக்குச் சரித்திரம் கிடையாது. முழுக் குடும்பத்துக்குத்தான் சரித்திரம். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் குடும்பம் முழுவதையும் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்த மாதிரி வைத்துக்கொள்ளும். இன்ன பையன் எந்தப் போட்டோவில் சட்டை மாற்றினான் என்று கேட்டால், ஆல்பத்தைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். 2008-ல் தோன்றிய கிட்ஹப்பில் ஒரு களஞ்சியத்தைப் பார்த்தால், ஒவ்வொரு கோப்பின் எதிரேயும் கடைசித் திருத்தத்தின் காரணம் ஒரு வரியில் இருக்கும், எத்தனை நாள் ஆயிற்று என்பதும் இருக்கும். சாதாரணமாகத் தெரிகிற அந்த ஒரு வரிக்குப் பின்னால் அத்தனை புரட்டல் இருக்கிறது.

புரட்டலைவிட மோசமான ஒன்று 2022 ஏப்ரலில் வெளிச்சத்துக்கு வந்தது. கிட்டின் கணக்கு, ஒளிந்திருக்கும் ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. நாம் நிற்கிற இடத்தில் அது இல்லாவிட்டால் கிட் ஒரு படி மேலே போய்ப் பார்க்கும். அங்கும் இல்லாவிட்டால் இன்னொரு படி. அந்தக் கணக்கில், நிலவரம் கேட்டால் இன்ன புரோகிராமை ஓட்டு என்று எழுதி வைக்கவும் வழி உண்டு. பல பேர் பொதுவாக உபயோகிக்கிற யந்திரத்தில் ஒருவன் உச்சியிலுள்ள டிரைவில் இப்படி ஒரு கணக்கை வைத்துவிட்டால்? கீழே யாரோ ஒருவர், ஒன்றும் அறியாதவர், தம் ஃபோல்டருக்குள் நுழைகிறார். நிலவரம் காட்டுவதற்கென்று வைத்த அடையாளம் மரியாதையாக கிட்டை விசாரிக்கிறது. கிட் மேலே ஏறி, அந்நியன் வைத்த கணக்கைப் படித்து, அவன் சொன்ன புரோகிராமை இவர் பெயரில் ஓட்டிவிடுகிறது. இவர் எதையும் திறக்கவில்லை; கண்ணால் பார்த்ததுதான் உண்டு. அதற்கு மேல் கிட் ஒரு விதி செய்துகொண்டது: ஃபோல்டரின் சொந்தக்காரர் வேறு ஆளானால், நீங்கள் வாயைத் திறந்து நம்பலாம் என்று சொல்லாத வரையில் அதற்குள் எட்டிப் பார்க்க மாட்டேன். பதினேழு வருஷம் கழித்து வந்த விவேகம் என்றாலும் விவேகந்தான்.

2024-ல் மைக்ரோஸாஃப்டே முன்வந்து, கிட்டின் விவரங்களை எக்ஸ்ப்ளோரர் ஜன்னலில் காட்டப் போவதாக அறிவித்தது. டெவ் ஹோம் என்ற ஒரு செயலி மூலமாக ஆரம்பித்தது. அடுத்த வருஷம் அந்தச் செயலியை நிறுத்திவிட்டு, விண்டோஸ் அமைப்புகளுக்குள்ளேயே இந்த வசதிக்கு இடம் கொடுத்தார்கள். நீங்களாகத் தேடிப் போய் இன்ன ஃபோல்டர் களஞ்சியம் என்று காட்டிக் கொடுத்தால், பத்திகள் வருகின்றன. கடைசித் திருத்தத்தின் குறிப்பு, தேதி, செய்தவர் பெயர். விஸ்டாவில் போன பெயர் கிட்டத்தட்டப் பதினேழு வருஷ வனவாசத்துக்குப் பிறகு திரும்பி வந்திருக்கிறது. 1972-ல் ராச்கைண்டின் யந்திரம் கேட்ட கேள்விக்கு விடையும் பக்கத்திலேயே. அந்த விடைகளைப் படித்தால் சில சமயம் அழுகை வருகிறது. 'சரி செய்தேன்' என்று ஒருவர். 'மறுபடி சரி செய்தேன்' என்று அவரே. இவ்வளவு பேர் இத்தனை காலம் பாடுபட்டு ஜன்னலில் இடம் பிடித்துக் கொடுத்தது இதற்குத்தானா!

பத்தி சொல்வது கோப்பில் கடைசியாகக் கை வைத்தவர் பெயரை. ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்று கேட்பதற்குத் தனிக் கட்டளை உண்டு. அதற்கு கிட் வைத்திருக்கிற பெயர் 'பழி'. சப்வெர்ஷன்காரர்கள் நல்ல மனசுக்காரர்கள். 'பழி' என்று அடித்தாலும் 'பாராட்டு' என்று அடித்தாலும் அதே பட்டியலைக் கொடுக்கும்படி செய்திருக்கிறார்கள்.

லினக்ஸின் மூலத்தை எடுத்துக்கொண்டு, பழைய வரி ஒன்றுக்கு இந்தக் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். 1990-களில் யாரோ எழுதிய வரி. லினக்ஸ் 1991-ல் பிறந்தது. எத்தனையோ தேசங்களில் எத்தனையோ பேர், சம்பளம் இல்லாமல், ராத்திரி கண் விழித்து எழுதியது. பட்டியல் அவர்கள் பெயரைச் சொல்லாது. லினஸ் டோர்வால்ட்ஸ், 2005 ஏப்ரல் 16 என்று சொல்லும். அடுத்த பழைய வரிக்கும் அதே பெயர், அதே தேதி. அதற்கடுத்ததற்கும் அதேதான். அன்றைக்கு அவர் 17,000-க்கு மேற்பட்ட கோப்புகளை, ஏறக்குறைய 67 லட்சம் வரிகளை, புதுக் களஞ்சியத்தில் ஒரே மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார். அத்தனையும் அவர் பெயரில் பதிவாகிவிட்டன. அவர் அதை மறைக்கவில்லை. பழைய சரித்திரம் கைவசம் இருக்கிறது, ஆனாலும் அதைச் சேர்க்கிற சிரமத்தை இப்போது எடுத்துக்கொள்ளவில்லை, சேர்த்தால் 3.2 ஜிகாபைட் ஆகும், வேண்டுமானால் பிற்பாடு தனியாகச் செய்துகொள்ளலாம் என்று குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். குறிப்பு எழுதச் சோம்பாத மனிதர்.

பிற்பாடு சிலர் செய்யவும் செய்தார்கள். பிட்கீப்பர் காலத்துத் திருத்தங்களையும் அதற்கு முந்தியவற்றையும் திரட்டி வேறு களஞ்சியங்களாக வைத்திருக்கிறார்கள். மாமரத்துக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி அதைப் புதியதன் அடியில் ஒட்டிக்கொள்ள வழி இருக்கிறது. ஒட்டினால் பழைய பெயர்கள் சில தெரிய வரும். யாராவது ஒட்டிவைத்தாலொழிய, லினக்ஸைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்து அந்தப் பழைய வரிகளை விசாரிக்கிறவருக்கு, இன்றைக்கும் தெரிவது ஒரே ஒருவருடைய பெயரும், அந்த ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமையும்தான்.